மயில் முத்திரை போட்ட நாய்கள்

ஆம்பூரில் ஒரு நாய் உயிரோடு இருக்க வேண்டுமென்றால் அதன் கழுத்தில் பட்டை இருக்க வேண்டும், பட்டையில் சொந்தக்காரர் பேர் இருக்க வேண்டும். தொண்ணூற்றெட்டாம் வருஷம் ஒரு திங்கட்கிழமை காலையில், ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு வந்து நகராட்சிக்காரர்கள் இதைச் சொல்லிவிட்டுப் போனார்கள். வியாழக்கிழமை வண்டி வரும். பட்டை இல்லாததெல்லாம் வண்டியில் ஏறும். அப்படி ஏறிப்போன நாய் திரும்பி வந்ததாக ஊரில் யாரும் சொன்னதில்லை.

ஃபீபி அப்போது கையில் ஊசியோடு பின்வாசலில் உட்கார்ந்திருந்தாள். ஷூவின் மேல்பாகத்தை அப்பர் என்பார்கள். கம்பெனியிலிருந்து மூட்டையாக வரும் அப்பருக்குக் கைத்தையல் போட்டுத் திருப்பி அனுப்புவது அவள் வேலை. பக்கத்து வீட்டு முனவ்வர் பேகத்துக்கும் அதே வேலைதான்; அக்கா முறை வைத்து ஃபீபி அவளை 'ஆபா' என்று கூப்பிடுவாள். இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே கொல்லை. நடுவில் சுவர் எழுப்ப வேண்டுமென்று இரண்டு வீட்டு ஆண்களும் பத்து வருஷமாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். பேசட்டும், வாய் அவர்களுடையது.

அந்தக் கொல்லையில் நிரந்தரக் குடித்தனம் ஃபீபியின் கறுப்பு நாய் பாபினும் முனவ்வரின் பூனை நவாபும். விருந்தாளிகள்தான் அதிகம். பதினொரு மணிக்கு வேலிக்கடியிலிருந்து கீரி வரும். தவிட்டுக்குருவிகள் சண்டை போட்டுக்கொண்டே வந்து, சண்டை போட்டுக்கொண்டே குளிக்கும். மழை விட்டால் ஒரு உடும்பு கிணற்று மேடையில் யாரையும் மதிக்காமல் வெயில் காயும். மத்தியானத்தில் தெருநாய்கள் எட்டு. அந்தத் தெருவில் போர் தண்ணீர் தோல் கழிவு கலந்து வாயில் வைக்க முடியாது, லாரித் தண்ணீர்தான். அதிலும் ஒரு குடத்தை ஃபீபி இவற்றுக்கென்று மண்தொட்டியில் ஊற்றுவாள். "லாரித் தண்ணிய நாய்க்கு ஊத்துறியே, உனக்குக் கொழுப்பு ஜாஸ்தி" என்று முனவ்வர் தினமும் திட்டுவாள். ஃபீபி தினமும் ஊற்றுவாள்.

மைக் ஆட்டோ தெருமுனை தாண்டியதும் முனவ்வர்தான் விஷயத்தைச் சொன்னாள்.

"நம்ம கம்பெனி மேனேஜர் வேதாசலம் மனு குடுத்தாராம். வெள்ளிக்கிழமை ஜெர்மனிலருந்து ஆளுங்க வர்றாங்களாம். கேட்டாண்ட நாய் படுத்திருந்தா கம்பெனி மானம் போய்டுமாம்."

ஃபீபிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "தோல்ல சுரண்டின சவ்வையும் சதையையும் கேட்டாண்ட கொட்டி நாயையெல்லாம் வரவெச்சது யாரு ஆபா? தின்னக் குடுத்துப் பழக்கிட்டு இப்ப புடிச்சிட்டுப் போய்டுவாங்களா? ஒண்ணைக்கூட குடுக்க மாட்டேன்."

"பாபினுக்குப் பட்டை போடு. மத்தது உன்னுதா?"

"நம்ம தொட்டில தண்ணி குடிச்சா நம்முதுதான்."

அன்று சாயங்காலமே பஜாரில் துண்டுத்தோல் கடைக்குப் போய் ஒரு பை நிறைய வாங்கி வந்தாள். ஷூவுக்குள் குதிகால் படும் இடத்தில் ஒட்டுகிற மெல்லிய தோல். ஒவ்வொன்றிலும் ஒரு மயிலும் அதன் கீழே கம்பெனி பேரும் அழுத்தமாக விழுந்திருந்தன. கொஞ்சம் கோணலாக விழுந்ததால் கழித்துக் கட்டியவை. முனவ்வர் ஒன்றை எடுத்துப் பார்த்துப் பதறினாள்.

"இது முத்திரை போட்டதாச்சே! இதெல்லாம் வெட்டி எரிக்கணும்னு இல்ல ரூல்?"

ரூல் அப்படித்தான். கழித்த தோலானாலும் முத்திரை விழுந்த துண்டு ஒன்றுகூட வெளியே போகக் கூடாது, போலி செய்கிறவன் கையில் அகப்பட்டுவிடும் என்று வெளிநாட்டுக்காரர்கள் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். வேதாசலமும் எரித்துவிட்டதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு மூட்டையைப் பின்கேட் வழியாக பஜாருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். ஊருக்கெல்லாம் தெரியும், ஜெர்மனிக்குத்தான் தெரியாது.

"பட்டையில பேர் இருக்கணும்னுதானே சொன்னாங்க?" என்றாள் ஃபீபி. "இருக்குது பாருங்க, பேரு."

முனவ்வர் முத்திரையை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு ஊசியில் நூல் கோத்தாள். "தைச்சுக் குடுக்கிறேன். நாயைத் தொட மாட்டேன். எச்சில் பட்டா எங்க மார்க்கத்துல ஏழு தரம் கழுவணும், அதுல ஒரு தரம் மண்ணு போட்டு. இருக்கிற தண்ணிக்கு அது வேற கேடு."

மூன்று துண்டை ஒட்டுப் போட்டால் ஒரு நாயின் கழுத்துக்குச் சரியாக இருந்தது. புதன்கிழமை மத்தியானத்துக்குள் பாபினுக்கும் சேர்த்து ஒன்பது பட்டையும் தயார். எட்டு நாய்கள் ஆளுக்கொரு பன்னைத் தின்றுவிட்டு நல்ல பிள்ளைகளாகக் கழுத்தை நீட்டின. ஒன்பதாவது, செவலை, நீட்டவில்லை. பின்னங்கால் நொண்டும் பெட்டை அது. எவனோ எப்போதோ கம்பியால் கட்டிப்போட்ட தழும்பு கழுத்தைச் சுற்றி ஓடியது. பட்டையைக் கண்டதும் பல்லைக் காட்டியது. மூன்றாவது தடவை ஃபீபியின் ரவிக்கைக் கையைக் கிழித்துவிட்டு வேலிக்கு வெளியே ஓடிவிட்டது. ஃபீபி அந்த ஒற்றைப் பட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அது பிழைக்காது என்று அவளுக்குத் தோன்றிவிட்டது.

வியாழக்கிழமை பத்து மணிக்கு வண்டி வந்தது. நகராட்சி ஆய்வாளர் காசிநாதன் நோட்டோடு இறங்கினார், கம்பிச் சுருக்கோடு இரண்டு பேர் இறங்கினார்கள். பின்னாலேயே ஸ்கூட்டரில் வேதாசலம். வேலை சரியாக நடக்கிறதா என்று பார்க்க வேண்டாமா?

கொல்லையில் எட்டு நாய்கள் எட்டுப் பட்டையோடு படுத்திருந்தன.

"இன்னாம்மா, எல்லாம் உன்னுதா?" என்றார் காசிநாதன்.

"கறுப்பு ஒண்ணுதான் சார் என்னுது. மத்ததெல்லாம் யாருதுன்னு பட்டையிலயே இருக்குது. படிச்சிப் பாருங்க."

அவர் குனிந்து ஒன்றைப் படித்தார். இன்னொன்றைப் படித்தார். பிறகு நிமிர்ந்து வேதாசலத்தைப் பார்த்தார்.

"சார், இது உங்க கம்பெனி பேரு. நாயெல்லாம் உங்களுதா?"

வேதாசலம் கிட்டே வந்து பார்த்தார். மயிலைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது.

"எங்களுது இல்ல! எல்லாத்தையும் ஏத்துங்க!"

"ஏத்தட்டும் சார்," என்றாள் ஃபீபி. "ஆனா எட்டு பட்டையையும் அவுத்து நோட்டுல ஒட்டி, எரிச்ச தோலு எப்படி வெளிய வந்துச்சுன்னு எழுதட்டும். நாளைக்கு வர்றவங்களுக்கும் காட்டலாம்."

காசிநாதனுக்குப் பாதி புரிந்தது, மீதியை வேதாசலத்தின் முகத்தில் படித்துக்கொண்டார். "சொந்தக்காரர் இருக்கிற நாயை நாங்க தொட முடியாது சார். உங்களுதுன்னே எழுதிக்கவா?"

வேதாசலம் பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டினார். அப்போதுதான் வேலிக்கடியில் தொட்டித் தண்ணீருக்காக நுழைந்த செவலை அவர் கண்ணில் பட்டது.

"அதுக்குப் பட்டை இல்ல! அதைப் புடிங்க!"

ஒருவன் சுருக்கை வீசினான். செவலை மூன்று காலில் துள்ளித் தப்பி, போக வழியில்லாமல் முனவ்வரின் பின்வாசல் படியில் போய் ஒண்டியது. ஃபீபி ஓடினாள், சுருக்குக்காரன் அவளுக்கு முன்னால் ஓடினான். எட்டிப் பிடித்துவிடுவான் போலிருந்தது.

முனவ்வர் மடியிலிருந்த அப்பரைக் கீழே போட்டாள். குனிந்தாள். இரண்டு கையாலும் செவலையின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். நாய் நடுங்கியது, ஆனால் கடிக்கவில்லை.

"இது என்னுது."

"பட்டை எங்கம்மா?" என்றார் காசிநாதன்.

"என் கைதான் பட்டை. முடிஞ்சா அவுத்துட்டு எடுத்துட்டுப் போ. பேரு முனவ்வர் பேகம். எழுதிக்கோ."

காசிநாதன் எழுதிக்கொண்டார். காலி வண்டி கிளம்பியது. "ரெண்டு பேருக்கும் இனிமே அப்பர் கிடையாது!" என்று கத்திவிட்டு வேதாசலம் ஸ்கூட்டரை உதைத்தார். அது மூன்றாவது உதையில்தான் கிளம்பியது.

"குடியாத்தத்துல லுங்கி மடிச்சாவது பொழைச்சுப்போம்!" என்று ஃபீபி பின்னாலேயே கத்தினாள். சொன்ன பிறகு பயமாகத்தான் இருந்தது. இருந்தாலும் திரும்ப ஒருமுறை கத்தினாள்.

பிறகு லாரித் தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய் முனவ்வரின் கையில் ஊற்றினாள். முதல் தரம் மண் போட்டுத் தேய்த்தாள் முனவ்வர். இரண்டு, மூன்று, நான்கு. ஏழாவதும் முடிந்து ஈரக்கையை உதறினாள். செவலை நொண்டிக்கொண்டே வந்து அந்தக் கையை நக்கியது.

"ஐயோ ஆபா!" என்றாள் ஃபீபி. "குடத்துல பாதிதான் இருக்குது. மறுபடியும் முதல்லருந்தா?"

முனவ்வர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. நாய் நக்கி முடிக்கும்வரை அப்படியே நீட்டிக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு பிடி மண்ணை அள்ளினாள்.

"ஊத்து," என்றாள்.