மாதிரிக்கு

கோடை விடுமுறையில் கல்லூரிப் பட்டறையைத் திறந்துதான் வைப்பார்கள். ஆனால் யார் வேண்டுமானாலும் போய் உட்கார்ந்துவிட முடியாது. செய்யப்போகும் மூன்று நகைகளுக்கான திட்டத்தை வெள்ளிக்கிழமைக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். வாண்டு இரண்டை எழுதிவிட்டாள். மூன்றாவது வருவேனா என்று அடம்பிடித்தது. நகைக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு, வயது இருபது, ஆனாலும் வீட்டில் எல்லோருக்கும் அவள் வாண்டுதான். நோட்டில் இலை வரைந்தாள், சிப்பி வரைந்தாள், பொழுது போகாமல் தண்ணீர்க் குழாயைக்கூட வரைந்தாள். எதுவும் தேறவில்லை.

புதன்கிழமை சித்தி வீட்டுக்குப் போனாள். சித்தி தையல்காரி. முன்னறை முழுக்கத் துணியும் நூலும்தான். உட்கார வேண்டுமென்றால் எதையாவது மடியில் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். சட்டைக்குப் பொத்தான் தேடி இழுப்பறையைக் குடைந்தபோது வாண்டுவின் கையில் அது சிக்கியது. வெள்ளை நூலில் பின்னிய ஒரு பட்டி. இரண்டு விரல் அகலம், ஆள்காட்டி விரல் நீளம்.

"இது யாரு சித்தி போட்டது?"

"உங்க சித்தப்பாதான், வேற யாரு? ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டு மோட்டுவளையையே பாத்துட்டு இருந்தாரா, கொக்கி ஊசியைக் கையில குடுத்துட்டேன். லாரி ஓட்டின கை. மூணு மாசத்துல இவ்வளவுதான் வந்துச்சு. ஏன் இப்படிக் கோணலா போகுதுன்னு கேட்டா, இந்த ரோட்டுல வளைவு ஜாஸ்திடிங்கறாரு."

சித்தி சிரித்தாள். சித்தப்பா போய்ச் சேர்ந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது.

வாண்டு பட்டியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஒரு வரியில் ஒன்பது கண்ணி, அடுத்த வரியில் பதின்மூன்று. ஓரிடத்தில் எலி கடித்த மாதிரி ஓட்டை, இன்னோரிடத்தில் அவிழ்க்க முடியாத முடிச்சு. ஒழுங்கான பின்னலை யார் வேண்டுமானாலும் போடலாம். இப்படித் தப்புப் போட உலகத்தில் ஒரே ஒருத்தரால்தான் முடியும். மூன்றாவது நகை கிடைத்துவிட்டது.

"சித்தி, இதை மாதிரிக்கு எடுத்துக்கட்டுமா?"

சித்தி கொஞ்சம் யோசித்தாள். "மாதிரிக்குத்தானே? எடுத்துக்கோ. பத்திரம்டி."

தையல்காரிக்கு மாதிரி என்றால் அளவுக்கு வந்த சட்டை. வேலை முடிந்ததும் மடித்துத் திருப்பிக் கொடுத்துவிடுவாள். வாண்டுவின் பட்டறையில் மாதிரி என்றால் வேறு. அதை மெழுகில் தோய்த்து, சுண்ணக் கலவைக்குள் புதைத்து, உலையில் வைப்பார்கள். நூல் எரிந்து ஒன்றுமில்லாமல் போகும். அது இருந்த இடத்தில் உருக்கிய வெள்ளி இறங்கும்.

இது வாண்டுவுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். சித்தி வேறு எதையோ நினைத்துக்கொண்டு தலையாட்டுகிறாள் என்பது வாசற்படி இறங்கும்போதே உறைத்தது. திரும்பிப் போய் விளக்கினால் தரமாட்டாள் என்றும் தோன்றியது. அவ்வளவுதான், கால் நடையைக் கட்டிவிட்டது.

பட்டறை மேடம் திட்டத்தைப் படித்துவிட்டு, "மூணுல இதுதான் உருப்படி" என்றார். பட்டியைப் புரட்டிப் பார்த்தார். "இது திரும்பி வராதே. வீட்டுல சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன் மேடம்."

கூசாமல் வந்தது பொய். எப்படி வந்தது என்று இப்போது யோசித்தால் அவளுக்கே அருவருப்பாக இருக்கிறது.

திங்கட்கிழமை மெழுகு உருகிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. சித்தி.

"ஒண்ணுமில்ல கண்ணு. அந்தப் பட்டி பத்திரமா இருக்கில்ல?"

"என் கண்ணு முன்னாலதான் இருக்கு சித்தி."

உண்மைதான். இன்னும் அரைமணி நேரத்துக்கு உண்மை. அந்த அரைமணி நேரத்தில் அடுப்பை அணைத்திருக்கலாம். வெள்ளிக் கம்பியை எடுத்து, கண்ணிக்குக் கண்ணி எண்ணி, தப்புக்குத் தப்பு பார்த்துத் தானே பின்னியிருக்கலாம். ஒரு மாதம் பிடித்திருக்கும், பிடிக்கட்டுமே. மெழுகு ஆறிவிடும் என்று தனக்கே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டு பட்டியை அதில் தோய்த்தாள், பாவி.

வெள்ளி அபாரமாக வந்தது. ஓட்டை, முடிச்சு, நூலின் பிசிறு உட்பட ஒன்றும் தப்பவில்லை. பட்டறையே கூடி நின்று பார்த்தது. நூலாக இருந்தால் என்றைக்காவது இற்றுப் போகும், இது போகாது என்று மனதுக்குள் பூசி மெழுகியபடி வாண்டு அதை எடுத்துக்கொண்டு போனாள்.

சித்தி தையல் மிஷினை நிறுத்திவிட்டு, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டாள்.

"அப்படியே இருக்குடி! இந்த ஓட்டை இருக்கு பாரு, ஊசி போட நர்ஸ் வந்தப்ப பயந்துபோய் விட்ட கண்ணி." தடவித் தடவிப் பார்த்தாள். கண் கலங்கியது. பிறகு கையை நீட்டினாள். "சரி, நூலைக் குடு. உள்ள வச்சுடறேன்."

வாண்டு வெள்ளியைத் தொட்டுக் காட்டினாள். "இதுதான் சித்தி அது."

"அதான் தெரியுதே. நூலைக் கேக்கறேன்."

"அது எரிஞ்சாத்தான் இது வரும் சித்தி."

சித்தி திட்டுவாள் என்று காத்திருந்தாள். நாலு அறை விட்டால்கூடத் தேவலாம் என்றிருந்தது. சித்தி வெள்ளியின் ஓரத்தைக் கட்டைவிரலால் நெருடிக்கொண்டே இருந்தாள்.

"கடைசிக் கண்ணிய அவரு முடிக்கல. ஊசியை எடுத்துட்டு, கண்ணிய மூடாம அப்படியே வச்சிருந்தேன்."

"சொன்னா தரமாட்டீங்கன்னு நெனச்சேன் சித்தி."

"ஏன் தரமாட்டேன்?" சித்திக்கு நிஜமாகவே புரியவில்லை. "எரிக்கணும்னு சொல்லியிருந்தா, அவரு விட்ட எடத்துலேர்ந்து நானும் ஒரு வரி போட்டுட்டுக் குடுத்திருப்பேனேடி."