கோரலி குறி போட்ட கட்டம்

எல்லோரும் சுகம்தானே? மூட்டுவலி, இருமல் ஒன்றும் இல்லையே? இங்கே ஆற்றில் பனிக்கட்டி உடைந்துவிட்டது, மீன்தான் இன்னும் ஏறவில்லை. மீன் பிந்துகிற வருஷம் எனக்கு எதுவுமே சரியாகப் படாது.

என் தங்கை மகள் கோரலி எங்கள் ஊர் அரசுப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சர். பிள்ளைகளில் பாதிப் பேர் எங்கள் கிட்க்ஸான் சனம், கனடாவில் இந்த ஆற்றங்கரையின் பூர்வகுடி. டீச்சர்களில் அவள் ஒருத்திதான். அந்தப் பள்ளிக்கு இருபது வருஷம் பஸ் ஓட்டியவள் நான், அங்கே காற்று மாறினால் எனக்குத் தெரிந்துவிடும். பிள்ளைகள் குறைந்துவிட்டார்களாம், ஜூனில் ஒரு டீச்சரை நிறுத்தப்போகிறார்களாம். கடைசியாகச் சேர்ந்தவர்தான் முதலில் போகவேண்டும். அது கோரலி.

ஆனால் டீச்சர் சங்கம் போட்ட ஒப்பந்தம் ஒன்று இருக்கிறது. டீச்சர்களில் எங்கள் ஆட்கள் குறைவு என்பதால் பூர்வகுடி டீச்சரை நிறுத்தக்கூடாது. அதற்கு ஒரு படிவத்தில், நான் பூர்வகுடி என்ற கட்டத்தில் குறி போட்டுக் கொடுக்கவேண்டும். போன அக்டோபரில் அது வந்தபோது, போடாதே என்று தடுத்தவள் நான்தான். சின்ன வயசில் ஒரு அதிகாரி எங்கள் பெயரை எழுதிக்கொண்டு போன அதே மாதம் என்னையும் என் தங்கையையும், பூர்வகுடிப் பிள்ளைகளை வீட்டிலிருந்து பிரித்து அடைத்துவைத்த விடுதிப் பள்ளிக்கு அள்ளிக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் வலியப் போய் அரசாங்கத் தாளில் எழுதிக் கொடுப்பதில்லை.

புதன்கிழமை சங்கத்து டோரீன் வீட்டுக்கு வந்தாள். வெள்ளி மூன்று மணிவரை குறி போடலாமாம். போட்டால் வேலையை விட்டு நிறுத்தும் கடிதம் அடுத்த ஆளுக்குப் போகுமாம். அடுத்த ஆள் கேல், பக்கத்து வகுப்பு டீச்சர். குளிர்காலம் முழுக்கக் கோரலியைத் தன் காரில் ஏற்றிப் போனவள்.

டோரீன் போனதும் கோரலி தட்டைத் தள்ளிவைத்தாள்.

"இப்பவாச்சும் சொல்லுங்க பெரியம்மா. போடவா, வேணாமா?"

"நான் சொல்லித்தானே இந்தக் கதி. என்னக் கேக்காத."

"இருபது வருஷம் அந்தப் பனியில பஸ் ஓட்டுனீங்க. ஒரு பேனாவுக்குப் பயப்படுறீங்களே."

"பேனாவுக்கு இல்லடி. அந்தத் தாள் யார் மேஜைக்குப் போகுதோ, அதுக்குத்தான்."

வெள்ளி மதியம் அவள் குறி போட்டுக் கொடுத்தாள்.

திங்களன்று கேலுக்குக் கடிதம் போனது. செவ்வாய்க் கூட்டத்தில், கடைசியாக வந்தவள் எப்படி இன்னும் வேலையில் இருக்கிறாள் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். தலைமையாசிரியர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். கோரலியே எழுந்திருக்கிறாள்.

"நான் கிட்க்ஸான். கட்டத்துல குறி போட்டேன். அதான் காரணம்."

கேல் பையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

மறுநாள் கோரலி நடந்துதான் போனாள். டீச்சர்கள் அறையில் கெட்டிலுக்கு மேலே அந்தப் படிவத்தின் பிரதி குத்தியிருந்தது, அவள் பெயருக்கு அடியில் சிவப்புக் கோடு. அலுவலகத்தைத் தாண்டி வெளியே வரக்கூடாத தாள். கிழித்துப் போட்டாள். வியாழனன்று இன்னொன்று, அவள் வகுப்புக் கதவிலேயே, பிள்ளைகள் கண்ணுக்கு எட்டும் உயரத்தில். வாசிக்கத் தெரிந்த பிள்ளைகள் வாசித்துவிட்டார்கள்.

செப்டம்பரில் பள்ளி திறக்கும்போதும் அவளுக்கு வேலை உண்டு. வெள்ளியன்று என்ன ஒட்டியிருந்தது என்று கேட்டேன். அவள் சொல்லவில்லை.

உங்கள் வீட்டில் யாராவது இப்படிப் பெயர் எழுதிக் கொடுத்திருக்கிறார்களா? அதற்குப் பிறகு என்ன நடந்தது? எனக்கு எழுதுங்கள். நல்லதாக ஒன்று இருந்தால் அதை முதலில் எழுதுங்கள், கோரலிக்கு வாசித்துக் காட்டவேண்டும்.