பசித்த பாசி

இசபெல்லாவுக்குப் போன பார்வை திரும்பி வந்தது. ஆனால் அந்தக் கண்கள் பார்த்தது 1969ஆம் ஆண்டை.

சர்க்கரை நோயில் இருண்டுபோன கண்கள் அவை. கணவர் மத்தியாஸ், லகாட் என்ற ஊரில் பழைய ஈயச்சுரங்கக் குட்டை ஓரத்தில் நுண்பாசி வளர்க்கும் கம்பெனியில் காவலாளி. தொட்டிகளைக் கவனிக்கும் ஷர்மினி, கண்ணுக்கு நல்லதென்று தினமும் ஒரு சின்ன டப்பா சிவப்புப் பாசி கொடுத்தனுப்பினாள். ஒரே வாரம். ஜெலாப்பாங் அடுக்குமாடி வீட்டின் கூடத்தில் இசபெல்லா ரப்பர் மரங்களைச் சுற்றிக்கொண்டு நடந்தாள். கோப்பெங் பக்கத்துத் தோட்டம், தொழிலாளர் லயத்து வீடு, ரப்பர் பால்வாளி, எல்லாம் பளிச்சென்று இருந்தன. மத்தியாஸ் மட்டும் தெரியவில்லை. அவர் அப்போது வேறு தோட்டத்தில் இருந்தார். அதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

இசபெல்லாவுக்கு வேண்டியது ஒரே முகம். அக்கா சரளா. இந்தியாவில் பிறந்தவள், இந்த நாட்டுக் குடியுரிமை இல்லை. அந்த ஆண்டு வேலை பெர்மிட் கிடைக்காதவர்களோடு கப்பலேறிப் போனவள். பிறகு ஒரு சேதியும் இல்லை, ஒரு போட்டோவும் இல்லை. மறந்தே போயிருந்த அந்த முகம் இப்போது தினமும் காலையில் அவளுக்குச் சடை பின்னியது.

சிக்கல் என்னவென்றால், அங்கேயும் நாட்கள் ஓடின. சரளா தகரப் பெட்டியில் துணி அடுக்க ஆரம்பித்தாள்.

"அடுத்த வாரம் அக்காவக் கப்பலுக்கு ஏத்திப் போக லாரி வருதாம். கடைசிவரைக்கும் அது மொகத்தப் பாத்துக்கிறேன். இன்னிக்கு டப்பாவ மறந்துறாதீங்க" என்றாள் இசபெல்லா.

அன்று ஞாயிறு; கம்பெனியில் ஆளில்லை. சிவந்திருந்த ஒரே தொட்டியில் பாசி திரிதிரியாக அடியில் படிவதை மத்தியாஸ் பார்த்தார். ரப்பர் மரத்தில் பால்வெட்டி வளர்ந்த மனிதர். பால் உறைய ஆரம்பித்தால் அமோனியா ஊற்ற வேண்டும் என்பது அவர் கைக்குத் தெரியும். ஹார்ட்வேர் கடைக்கு ஓடினார். ஊற்றினார்.

சில நாட்களில் தொட்டி பச்சையாகிவிட்டது. இசபெல்லாவின் கண்கள் மறுபடி இருண்டன.

"பால் கெட்டுறும்னு நெனச்சேன்லா" என்றார் மத்தியாஸ் ஷர்மினியிடம்.

"இது ரப்பர் பாலா அங்கிள்? அமோனியா இதுக்கு உரம். பட்டினி போட்டாத்தான் அந்தச் செவப்புச் சத்து ஊறும். நான் பட்டினி போட்டேன், நீங்க சோறு போட்டுட்டீங்க" என்றாள் ஷர்மினி. திட்டக்கூட அவளுக்கு மனம் வரவில்லை.

இசபெல்லா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். "வழியனுப்பக்கூட விடல" என்று சுவரிடம் சொன்னாள். ஷர்மினி உரத்தை நிறுத்தி, தொட்டியை மறுபடி வெயிலுக்குத் திறந்துவிட்டாள். வாரங்கள் போயின. பாசி பழுத்தது, சிவந்தது. மத்தியாஸ் டப்பாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

மறுநாள் காலை இசபெல்லா கூடத்தில் அசையாமல் நின்றாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "அக்கா போவல. பொட்டி மேல உக்காந்திருக்கு. லாரி வரலையாம், கப்பல் போயிருச்சாம்."

மத்தியாஸ் சோற்றுப் பானையைத் திறந்து பார்த்தார். "சாப்பிட்டாச்சான்னு கேளு" என்றார்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் மூன்று தட்டு. மூன்றாவதில் மீன் முள் மட்டும் மிஞ்சும், மத்தியாஸ்தான் கழுவுவார். மாதத்துக்கு ஒருமுறை ஷர்மினி வந்து, "பெரியக்கா சௌக்கியமா?" என்று கேட்டுவிட்டு, அன்றைய டப்பாவைத் தானே மேசையில் வைத்துவிட்டுப் போவாள்.