எண்பத்தேழாவது ஆள்

அக்கா கடைக்குள் நுழைந்தபோது தங்கை ஒரு பிரேமுக்குத் திருகாணி முடுக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. திருகாணி எங்கோ உருண்டு போனது. போகட்டும். அக்கா இந்தக் கண்ணாடிக்கடைப் படியை மிதித்து இரண்டு வருடத்துக்கு மேலாகிறது.

சண்டைக்குக் காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். அக்கா மகளின் கல்யாணத்தில் குடும்பப் போட்டோ எடுத்த நேரம், தங்கை சாப்பாட்டுக் கூடத்தில் விருந்தாளிகளைக் கவனித்துக்கொண்டிருந்தாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை. ஆல்பம் வந்தபோது அதில் மாப்பிள்ளை வீட்டுக் கார் டிரைவர்கூட இருந்தார், அவள் இல்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். 'அவளே வந்து பேசட்டும்' என்று அக்காவும் இருந்துவிட்டாள். பிடிவாதத்தில் இரண்டு பேரும் ஒரே அச்சு.

"உக்காருக்கா" என்று தங்கை ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள். வயிற்றில் பால் வார்த்தாற்போல இருந்தது. யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டாம், வந்தாளே, அது போதும் என்று அவள் நினைத்து முடிப்பதற்குள் அக்கா கைப்பையைத் திறந்து, பச்சை மூடி போட்ட டப்பா ஒன்றை எடுத்துக் கவுண்டர்மேல் வைத்தாள்.

தங்கைக்குப் புரிந்துவிட்டது. இப்படி டப்பாவை எடுத்து வைத்து ஆள் சேர்க்கிறவர்கள் மாதத்துக்கு நாலு பேராவது கடைக்கு வருவார்கள். பிரேம் பார்க்க வந்ததுபோல் நடித்துவிட்டு, கடைசியில் பையைத் திறப்பார்கள். சொந்த அக்காவுமா?

அக்கா ஓர் அட்டையை எடுத்தாள். கையை முழுசாக நீட்டிப் பிடித்து, கண்ணைச் சுருக்கி வாசித்தாள். "உங்க கனவு என்னன்னு எப்பவாவது யோசிச்சிருக்கீங்களா?"

"யாரைக்கா 'நீங்க'ங்கிறே?"

"அட்டையில அப்படித்தான் இருக்கு. குறுக்கே பேசாதே, அப்புறம் முதல்லேருந்து வாசிக்கணும்."

வாசித்தாள். காலையில் ஒரு கரண்டிப் பொடி, ராத்திரி ஒரு கரண்டி. முட்டி வலி போகும், முடி கொட்டாது, மனக்கவலையும் தீரும். அட்டையின் நடுவில் அந்த வரி வந்தது: "ஆறே மாசத்துல பார்வை தெளிஞ்சிடும். கண்ணாடியைக் கழற்றித் தூக்கிப் போட்டுடலாம்."

சொன்ன பிறகுதான் அக்கா சுற்றிலும் பார்த்தாள். நாலு சுவரிலும் வரிசை வரிசையாகக் கண்ணாடி. முகத்தில் அசடு வழிய, மூக்கிலிருந்து இறங்கிய தன் சோடாபுட்டிக் கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டாள்.

"நீ எத்தனை மாசமாச் சாப்பிடுறே?"

"எட்டு" என்றாள் அக்கா, வேறெங்கோ பார்த்துக்கொண்டு. "பொடியை விடு. நீ ரெண்டு பேரைச் சேர்த்தா போதும். அவங்க ஆளுக்கு ரெண்டு பேரைச் சேர்ப்பாங்க."

"அவங்க ஆளுக்கு ரெண்டு பேரைச் சேர்த்தா ஊர்ல எல்லாரும் விக்கிறவங்களாயிடுவாங்க. வாங்குறது யாருக்கா?"

"நானும் இதைத்தான் என்னைச் சேர்த்துவிட்ட லீடர்கிட்ட கேட்டேன்."

"என்ன சொன்னார்?"

"எதிர்மறையா யோசிக்கக் கூடாதுன்னார்."

அக்கா ஒரு நோட்டை விரித்தாள். கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்றே காலம் தள்ளுகிறவளுக்கு எழுத்துத் தலைகீழாக இருந்தாலும் படிக்க வரும். சேர்க்க வேண்டிய ஆட்களின் பட்டியல். நெருங்கின ஆட்களிலிருந்து தொடங்கி நூறு பேர் எழுதச் சொல்வார்கள் என்று தங்கைக்குத் தெரியும். தன்னை முதல் பத்தில் தேடினாள். அத்தான் இருந்தார், சம்பந்தியம்மா இருந்தாள். அடுத்த பக்கத்தில் பல் டாக்டர். அதற்கும் அடுத்த பக்கத்தில் லிப்ட் ரிப்பேர்காரர். அவருக்கும் கீழே, எண்பத்தேழாவதாக, 'தங்கச்சி' என்று இருந்தது.

சுருக்கென்றது. இரண்டு வருடமாக அடக்கி வைத்த போட்டோக் கோபமும் சேர்ந்து பொங்கியது.

"லிப்ட் ரிப்பேர்காரருக்கு அப்புறம்தான் நானா? நான் சேரமாட்டேன்க்கா. டப்பாவை எடு."

அக்கா டப்பாவைத் தொடவில்லை. "முடியாதுன்னாப் போகட்டும்ங்கிறவங்களை எல்லாம் முன்னாடி எழுதினேன்" என்றாள். "நீ முடியாதுன்னாத் தாங்கமாட்டேன். அதான் கடைசியில போட்டேன். நூறு எழுதச் சொன்னாங்க. உனக்கு அப்புறம் எழுத எனக்கு ஆள் இல்லைடீ."

தங்கை நோட்டைத் தன் பக்கம் திருப்பினாள். "எண்பத்தாறு பேர்ல எத்தனை பேர் சேர்ந்தாங்க?" என்று கேட்டாள்.

"ஒருத்தர்."

"யாரு?"

"உங்க அத்தான்தான்."

சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. "இந்த டப்பா இல்லேன்னா நீ வந்திருக்கவே மாட்டே, இல்லே?"

"வந்து என்னன்னு ஆரம்பிக்கிறது? இதுலன்னா முதல் வரியை அவங்களே எழுதிக் குடுத்திருந்தாங்க."

அப்போதுதான் தங்கை அக்காவின் முகத்தை நிதானமாகப் பார்த்தாள். கண்ணாடியின் இடது கம்பியில் தான் பற்றவைத்த தடம் அப்படியே இருந்தது. லென்ஸ் முழுக்கக் கீறல். அக்கா மகளின் கல்யாணத்துக்கு முன்பு அவளே போட்டுக் கொடுத்த கண்ணாடி.

"பவர் எப்பவோ மாறியிருக்கும். வேற கடையில காட்டியிருக்கலாமில்லே?"

"வேற கடைக்கு நான் எதுக்குப் போகணும்?" என்றாள் அக்கா, கோபமாக.

தங்கை, கண் சோதனைக்கு வைத்திருக்கும் கனத்த இரும்புப் பிரேமை அக்காவின் மூக்கில் ஏற்றி, லென்ஸை ஒவ்வொன்றாக மாற்றிப் போட்டாள். "இப்ப?" "மங்கல்." "இப்ப?" "பரவாயில்லை." நாலாவது லென்ஸில் அக்கா எதிர்ச் சுவரிலிருந்த எழுத்து அட்டையைக் கடைசி வரிவரை கடகடவென்று வாசித்தாள். டப்பாவைப் பற்றி இரண்டு பேருக்கும் நினைவில்லை.

"எப்போ கிடைக்கும்?"

"ஒரு வாரம் ஆகும்" என்றாள் தங்கை, பிரேம் பெட்டியைத் துழாவிக்கொண்டே. "யாரையும் அனுப்பாதே. நீயே வரணும்."

இரும்புப் பிரேமைக் கழற்றாமலேயே அக்கா நிமிர்ந்தாள். தங்கையின் தலைக்கு மேலே, கடை திறந்த நாளிலிருந்து தொங்கும் பலகையில், 'ஒரே மணி நேரத்தில் கண்ணாடி தயார்' என்று சிவப்பில் எழுதியிருந்தது. அதை எழுத்தெழுத்தாகப் படித்தாள்.

"ஒரு வாரமா?"

"ஒரு வாரம்."

"சரி" என்றாள் அக்கா. "நடுவுல ஒரு நாள் வந்து, வேலை எதுவரைக்கும் ஆயிருக்குன்னு பார்த்துட்டுப் போறேன்."