கன்றுக்குப் போகாத சீம்பால்

இரண்டாவது கன்றும் கழிச்சலில் சாய்ந்த அன்று, மாட்டு டாக்டர் அதன் ரத்தத்தைச் சோதித்துவிட்டு மூத்த மருமகளைத் தனியே அழைத்தார்.

"பொறக்கறப்ப கன்னுக்கு எதிர்ப்புச் சக்தி கெடையாதும்மா. தாயோட சீம்பால்லதான் வரணும். இதோட ரத்தத்துல அது சுத்தமா இல்ல. சீம்பால் குடுத்தீங்களா?"

"குடுத்தேன்னுதான் என் ஓரகத்தி சொல்றா."

"சொன்னாங்களா, நீங்க பாத்தீங்களா?"

அந்தக் கேள்வி மூத்தவளின் மனதில் முள்ளாகத் தைத்தது. பண்ணையில் கறவை அவள் பொறுப்பு. கன்றுகள் ஓரகத்தியான இளையவள் பொறுப்பு. சீம்பால் வாளியோடு இளையவள் கன்றுக் கொட்டிலுக்குப் போகாமல் வீட்டுப் பக்கம் திரும்புவதை அவளே பார்த்திருக்கிறாள். எங்கே போகிறது அத்தனை பாலும்? பிறந்த வீட்டுக்கா?

"உங்க தம்பி பொண்டாட்டி கை சுத்தமில்ல," என்று கணவனிடம் போட்டுவைத்தாள். அது தம்பி காதுக்குப் போக, சாப்பாட்டு மேசையில் பேச்சு நின்றுபோனது.

அடுத்த மாடு ஒரு நண்பகலில் ஈன்றது. இளையவள் வாளியைத் தூக்கிக்கொண்டு நடக்க, மூத்தவள் பூனைபோலப் பின்தொடர்ந்து சமையலறை வாசலில் நின்றாள். உள்ளே அடுப்பில் சீம்பால் கொதித்துக்கொண்டிருந்தது. இளையவள் கட்டிகளை வடித்தெடுத்து, மிச்சத்தில் தண்ணீர் ஊற்றிப் புட்டியில் நிரப்பினாள்.

"என்னடி பண்றே?"

இளையவள் திடுக்கிட்டாள். "போன மழையில கழிச்சல் வந்தப்ப கிருமிதான் காரணம்னு டாக்டர் சொன்னாரேக்கா. அதான் காய்ச்சிக் குடுக்கறேன். கன்னு செத்ததும் பயந்துபோய் இன்னும் நல்லாக் காய்ச்சினேன்."

மூத்தவள் டாக்டருக்குப் போன் போட்டாள்.

"கொதிச்சா அந்தச் சக்தி செத்துடும்மா. திரும்பக் கறந்து, சூடு ஆறதுக்குள்ள அப்படியே குடுங்க. நேரம் தள்ளிப்போனா குடல் அதை ஏத்துக்காது."

மாட்டின் மடியில் இன்னும் பால் மிச்சம் இருந்தது. மூத்தவள் கறக்க, இளையவள் கன்றின் தலையைத் தன் மடியில் சாய்த்துப் புகட்டினாள். கன்று பிழைத்தது. வாரம் முடிவதற்குள் கொட்டிலில் துள்ளிக் குதித்தது.

மூத்தவளுக்கு மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. அதன்பிறகு ஒவ்வொரு முறையும் இளையவள் புட்டியைக் கையில் வைத்துக்கொண்டு கொட்டில் வாசலிலேயே நிற்பாள்.

"வந்து பாத்துக்கோங்கக்கா," என்பாள். மூத்தவள் வந்து நிற்கும்வரை கன்றின் வாயில் ஒரு சொட்டு விடமாட்டாள்.