காணாமல் போன பதினேழாம் நம்பர் டின்

கிருஷ்ணகுமாரி டீச்சர் வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான். அதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது, அவருக்குத் துளிகூடக் கிடையாது. "முப்பது டின் வைப்போம், அஞ்சு நாள் கழிச்சு முப்பதையும் எடுத்துடுவோம். ஒன்னு குறைஞ்சாலும் என்னை நிக்க வச்சுக் கேளுங்க, அங்கிள்" என்று குடியிருப்போர் சங்கத் தலைவர் வீரமுத்துவின் வாசலில் நின்று அவர் அடித்துச் சொன்னபோது, பின்னால் நின்ற நான்காம் படிவத்துப் பதினாறு வயது மாணவர்களுக்கே நெஞ்சு நிமிர்ந்தது.

வீரமுத்து லேசில் மசிகிற ஆள் இல்லை. ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். லாயாங் லாயாங் ஊரின் அந்தத் தாமான் குடியிருப்பில் நாற்பத்திரண்டு வீடுகளுக்கும் அவர் பேச்சுதான் பேச்சு. இரண்டு மாதத்துக்கு முன்னால் அவருடைய ஆறு வயதுப் பேத்தி டிங்கி காய்ச்சல் கண்டு எட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அந்தப் பயம் மனுஷனை இன்னும் விட்டபாடில்லை.

"அலமாக்! கொசுவைப் பத்திப் படிக்க என் வாசல்லயே கொசு வளர்க்கப் போறீங்களா டீச்சர்?"

டீச்சர் பொறுமையாக விளக்கினார். பொறுமை அவருக்குக் கைவந்த கலை இல்லை, ஆனாலும் விளக்கினார். பால் டின்னுக்குக் கறுப்புப் பெயிண்ட் அடித்து, இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி, ஒரு குச்சியைப் போட்டு நிழலில் வைப்பார்கள். ஏடிஸ் கொசு தேடி வந்து அந்தக் குச்சியில் முட்டையிடும். அது கொசுவாகிப் பறப்பதற்குள் எடுத்துவிட்டால், எந்தப் பக்கம் கொசு அதிகம் என்று கணக்கு வந்துவிடும். மாதம் ஒரு முறை, மூன்று மாதம். குழு குழுவாகப் பிள்ளைகளே செய்வார்கள்.

"எடுக்காம விட்டா?" என்றார் வீரமுத்து.

"விட மாட்டோம்."

"விட்டா, இதோட முடிஞ்சது. அப்புறம் உங்க பிள்ளைங்க இந்தத் தாமான் பக்கமே தலை காட்டக் கூடாது."

டின்களை மாணவன் ஆசிம் கொண்டுவந்தான். அவன் அத்தாவின் உணவகத்தில் ஒரு நாளைக்கு எத்தனை தே தாரிக் டீ போகிறதோ, அத்தனைக்கும் பால் டின் காலியாகிக்கொண்டே இருக்கும். அவன் வகுப்பு லோஷினி வெள்ளைப் பெயிண்டால் ஒன்று முதல் முப்பது வரை எண் போட்டாள். திங்கட்கிழமை வைத்தார்கள். சனிக்கிழமை கொட்டுகிற மழையில் நனைந்துகொண்டே சேகரித்து, டீச்சரின் காரில் அடுக்கினார்கள்.

"டீச்சர், இருபத்தொன்பதுதான் இருக்கு" என்றாள் லோஷினி.

"சரியா எண்ணியிருக்க மாட்டே. ஒன்னுக்குள்ள ஒன்னு போயிருக்கும். ஏறு வண்டியில, நனையாதே."

"ஒரே சைஸ் டின் டீச்சர், எப்படி ஒன்னுக்குள்ள..."

டீச்சர் காரைக் கிளப்பிவிட்டார். கணக்குப் படிவத்தில் 'முப்பது' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

புதன்கிழமை மத்தியானம், ஆய்வுக்கூடத்தில் குச்சிகளை வரிசையாக வைத்து முட்டைகளை எண்ணும்போதுதான் விஷயம் வெளிச்சத்துக்கு வந்தது. பதினாறு இருந்தது, பதினெட்டு இருந்தது. பதினேழைக் காணோம். லோஷினி டீச்சரைப் பார்த்தாள். சும்மா ஒரு பார்வை, அவ்வளவுதான். அதுவே டீச்சருக்குப் போதுமானதாக இருந்தது.

வைத்து ஒன்பது நாள். முட்டை புழுவாகி, புழு கூட்டுப்புழுவாகி, இந்நேரம் கொசுவாகப் பறந்தே போயிருக்கும்.

ஆசிம் மெல்ல வாயைத் திறந்தான். "டீச்சர், எங்க கடையில டின் நிறைய இருக்கு. ஒன்னுக்குப் பெயிண்ட் அடிச்சு பதினேழுன்னு எழுதிட்டா யாருக்குத் தெரியும்?"

பொய் சொல்வானேன், டீச்சருக்கு ஒரு நிமிஷம் ஆசையாகத்தான் இருந்தது. வீரமுத்துவின் முகத்தில் போய் எப்படி விழிப்பது? மூன்று மாத வேலை முதல் மாதத்திலேயே ஊத்திக்கொள்ளும். அப்புறம் அவருடைய பேத்தியின் ஞாபகம் வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்று தாத்தா தோளில் வாடிய கீரைத்தண்டாகத் தொங்கிக்கொண்டிருந்தாளே, அந்தக் குழந்தை. டீச்சருக்குத் தன் மேலேயே ஆத்திரம் பொங்கியது.

"பையை எடுங்க, போலாம்" என்றார்.

வீரமுத்து வாசல் கேட்டில் நின்றபடியே கேட்டுக்கொண்டார். டீச்சர் எதையும் மூடி மறைக்கவில்லை. "இந்தப் பொண்ணு அன்னைக்கே குறையுதுன்னு சொல்லுச்சு. நான்தான் காதுல வாங்கலை. தப்பு என்னுது. முதல்ல டின்னைத் தேடணும். அப்புறம் நீங்க என்ன திட்டினாலும் கேட்டுக்கிறேன்."

மனுஷன் திட்டவில்லை, அதுதான் இன்னும் மோசமாக இருந்தது. கைப்பேசியை எடுத்து சங்கத்தின் வாட்ஸாப் குழுவில் குரல் பதிவு போட்டார். "ஸ்கூல் டின் ஒன்னு காணோம். உள்ள கொசு. எல்லாரும் உங்க வீட்டைச் சுத்தித் தேடுங்க, உடனே!"

அடேயப்பா, தாமானே வெளியே வந்துவிட்டது! டிங்கி விழிப்புணர்வு என்று எத்தனை பேனர், எத்தனை கூட்டம்! ஒருத்தரும் பூந்தொட்டியைத் திரும்பிப் பார்த்ததில்லை. இப்போது பள்ளிக்கூடத்துக் கொசு என்றதும் டார்ச் என்ன, துடைப்பம் என்ன, லொங்காங் சாக்கடை மூடியை நெம்பித் தூக்குகிறவர் என்ன! டீச்சருக்கு வெட்கம் ஒரு பக்கம் பிடுங்கித் தின்றாலும், கண் சும்மா இருக்கவில்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு பிள்ளைகளை அனுப்பினார். டின்னைத் தேடுகிற சாக்கில் அவர்கள் பழைய டயரைக் கவிழ்த்தார்கள், தொட்டித் தட்டுகளைக் கொட்டினார்கள். நெளிகிற புழுவை வீட்டுக்காரர் கையில் கொடுத்தே காட்டினார்கள். "இது எங்க டின் இல்ல அங்கிள், இது உங்களுது" என்று லோஷினி ஒருவரிடம் சொன்னது நாலு வீட்டுக்குக் கேட்டது.

முப்பது வீடு முடிவதற்குள் இருபத்தாறு இடத்தில் புழு.

வீரமுத்துவின் வீட்டை லோஷினியே பார்த்தாள். வாசல் சுத்தம், பின்கட்டு சுத்தம். "ஃபிரிட்ஜுக்குப் பின்னாடி பார்க்கலாமா தாத்தா?" என்று கேட்டாள். ஃபிரிட்ஜை நகர்த்தி, தண்ணீர் சொட்டித் தேங்குகிற தட்டை உருவினாள். புழுக்கள் துள்ளின. அந்தச் சுவருக்கு அடுத்த பக்கம்தான் பேத்தி படுக்கிற அறை.

வீரமுத்து தட்டை வாங்கிக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்துத்தான் தெருக்கோடியிலிருந்து ஆசிம் கத்திக்கொண்டு ஓடி வந்தான். "கிடைச்சிருச்சு! டீச்சர், கிடைச்சிருச்சு!" மூலை வீட்டுச் சீன ஆண்ட்டி, டின்னை வைத்த அன்றைக்கே தண்ணீரைக் கொட்டிவிட்டுத் துணிக் கிளிப் போட்டு வைத்திருந்தாராம். டின் காய்ந்து கிடந்தது. அதிலிருந்து ஒரு கொசுகூடப் பறந்திருக்க வழியில்லை.

டீச்சருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் கூட்டமோ கையைத் தட்டிக்கொண்டு கலைய ஆரம்பித்தது. "கிடைச்சாச்சு லா, வாங்க போலாம்." பார்க்காத வீடு இன்னும் பன்னிரண்டு பாக்கி. டீச்சர் கூப்பிட்டுப் பார்த்தார். யாரும் நிற்கவில்லை.

வீரமுத்து தட்டைச் சிந்தாமல் ஏந்திக்கொண்டு தெருவுக்கு வந்தார்.

"டீச்சர், பாப்பாவுக்கு இதுலேருந்துதான் வந்துச்சா?"

"தெரியாது அங்கிள். எந்தக் கொசுன்னு யாராலயும் சொல்ல முடியாது." டீச்சர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஆனா இதுல இருக்கிறது இனிமே யாரையும் கடிக்காது. அது நிச்சயம்."

அவர் தலையாட்டினார். கண் கலங்கியிருந்தது, மறைக்கவும் இல்லை. "அடுத்த மாசமும் டின் வைங்க. ஆனா எண்ணுறது இந்தப் பொண்ணு. நீங்க கிட்டயே வரக் கூடாது."

வேறு நாளாக இருந்தால் டீச்சர் அதற்கு ஒரு பதில் வைத்திருப்பார். "சரி அங்கிள்" என்று மட்டும் சொன்னார். லோஷினி சிரிப்பை அடக்கிக்கொண்டு பட்டியலைத் திருப்பி, அடுத்த வீட்டு எண்ணைப் பார்த்தாள்.

வீரமுத்து அந்த வீட்டு கேட்டை முழங்கையால் தட்டினார். வீட்டுக்காரர் விஜயன் உள்ளேயிருந்தே, "அதான் டின் கிடைச்சிருச்சே, தலைவரே!" என்றார்.

"வெளிய வா, விஜயன். வந்து இதைப் பாரு." வீரமுத்து தட்டை நீட்டினார். "என் பேத்தி படுத்துக் கிடந்தப்ப நான் ஊரையே திட்டினேன். உன்னையும் சேர்த்துத்தான். இது என் வீட்டுத் தட்டு. இப்ப உன் வீட்டு ஃபிரிட்ஜை நகர்த்து, பார்ப்போம்."