எலி விழாத தெரு

அடுப்படியிலிருந்து கூடத்துக்கு வந்த அக்கா இடக்காலை இழுத்து நடந்ததைச் சுகாதார இன்ஸ்பெக்டர் பார்த்துவிட்டார்.

"காலுல என்ன?"

"வயசாச்சுடா. உன் துரை கிட்ட சொல்லி அதுக்கும் ஒரு சட்டம் போடச் சொல்லு."

அவர் சிரிக்கவில்லை. நெற்றியைத் தொட்டார்; கொதித்தது. தொடை இடுக்கில் பிளேக் கட்டி இருக்கிறதா என்று தம்பி தமக்கையைக் கேட்க வேண்டியிருக்கவில்லை. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

முன்பெல்லாம் பிளேக் என்றால் பட்டாளம் கதவை உடைக்கும்; நோயாளியைத் தனியே தூக்கிப்போய்ப் பாயையும் பெட்டியையும் தெருவில் கொளுத்தும். இன்ஸ்பெக்டர்தான் வெள்ளைக்காரத் துரையின் அறை வாசலில் தவம் கிடந்து அதை மாற்றினார். எலி செத்து விழுந்தால் வீட்டார் தாமே வந்து சொல்ல வேண்டும். மருந்து தெளித்துக் கதவில் சிவப்புக் குறி போடுவார்கள். நோயாளியோடு உறவினர் ஒருவர் முகாமுக்குப் போகலாம். இந்தப் புது முறை இப்போதைக்கு இந்த ஒரு தெருவில் மட்டும், சோதனைக்காக. யாராவது மறைத்தால் பட்டாளம் திரும்பும் என்று துரை கறாராகச் சொல்லியிருந்தார்.

இதுவரை ஓர் எலியும் விழவில்லை. அதைப் பாராட்டத்தான் துரை இன்று நேரில் வருகிறார்.

"நம்ம வீட்ல எலி விழுந்துச்சா?"

"விறகுக்குப் பின்னால கிடந்துச்சு. சாக்கடையில போட்டுட்டேன். இன்ஸ்பெக்டர் வீட்லயே எலின்னா உன் பேரு என்னாகும்? நீ பட்ட பாடெல்லாம் தண்ணியில போயிடாதா?"

அவர் சிவப்பு வண்ண டப்பாவை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார்.

"வேணாம்டா! துரை வர்ற நேரம். பட்டாளம் வந்துடும்."

"மறைச்சா மட்டும் வராதா? உன்னைத் தொட்டவங்க எல்லாரையும் நாளைக்கு யாரு தூக்குறது?"

தம் கதவிலேயே அவர் குறியை இழுத்தபோது எதிர்வீட்டுத் தையல்காரர் கையில் ஊசியோடு நின்றுவிட்டார். பிறகு, "எங்க வீட்லயும்தான் சார்" என்றார். "உங்க பேரு கெட்டுடக் கூடாதுன்னு புதைச்சுட்டேன்."

அடுத்த வீட்டுக் கதவு திறந்தது. அதற்கடுத்ததும். ஒருத்தி இடுக்கியில் பிடித்த எலியை வெயிலில் கொண்டுவந்து வைத்தாள். "நேத்து ராத்திரி விழுந்தது, அண்ணே. கோவிச்சுக்காதீங்க."

அவரை நேசித்தவர்கள் எல்லோரும் அவருக்காகவே நோயை வீட்டுக்குள் வளர்த்திருந்தார்கள். டப்பா காலியான பிறகும் கதவுகள் மிச்சமிருந்தன.

தெருமுனையில் வந்து நின்ற துரை வண்டியை விட்டு இறங்கவில்லை. கதவுகளைப் பார்த்தார், கைக்குட்டையால் மூக்கை மூடினார், ஓட்டுநரிடம் ஏதோ சொன்னார். வண்டி பட்டாளக் குடியிருப்பின் பக்கம் திரும்பிற்று.

இன்ஸ்பெக்டர் முகாம் வண்டியை வரவழைத்தார். அக்காவைத் தூக்கி உட்காரவைத்துப் பக்கத்தில் தாமும் ஏறிக்கொண்டார்.

"நீ எதுக்குடா?"

"கூட ஒருத்தர் வரலாம்னு சட்டம் இருக்குக்கா. சாயங்காலம் வரைக்குமாவது இருக்கும்."